பட்டியலில் உன் தேதி

வலேஹோ, கலிபோர்னியா
மார்ச் 9

அன்புள்ள லிகாயா அக்காவுக்கு,

நீயும் ரோடெல் அத்தானும் நலமா? வாந்தி நின்றதா? போனில் நாம் இருவரும் மாறி மாறி ‘சரி, சரி’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். நாளை மறுநாள் நம் ஊர் இலோயிலோவுக்குப் புறப்படும் பக்கத்து வீட்டுத் திருமதி டிசோன் இதை உன் கையில் சேர்ப்பார்.

பன்னிரண்டு வருடமாக அம்மா மாதாமாதம் விசா தேதிப் பட்டியலில், எந்தத் தேதிவரை விண்ணப்பித்தவர்களைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கிறாள். சில மாதம் இரண்டு வாரம் நகரும், சில மாதம் அசையாது, ஒரு தடவை பின்னுக்கே போனது. சென்ற மாதம் உனக்கு விண்ணப்பித்த தேதியைத் தாண்டிவிட்டது. அம்மா ஒரு பெரிய தட்டு நிறையப் பான்சித் நூடுல்ஸ் செய்து, வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு எடுத்துப் போனாள். படுக்கையில் கிடக்கிறவர்களிடம்கூட, “என் பெரியவ வரா” என்றாளாம். ஒரு கிழவர், “யாரு, நான் வந்த நாள்லேருந்து வந்துக்கிட்டே இருக்காளே, அவளா?” என்று கேட்டாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதே வாரம்தான் உன் செய்தி எனக்கு மட்டும் வந்தது. நவம்பரில் கல்யாணம் ஆகிவிட்டது, ஜூலையில் குழந்தை. “சின்ன சர்ச்சுதான்டி, இருபது பேர்கூட இல்ல. நாங்க எந்த ஆபீஸ்லயும் பதியல. யாருக்குடி தெரியப்போகுது? நேர்காணல்ல கல்யாணம் ஆகலன்னே சொல்லிடறேன்” என்று எழுதியிருந்தாய்.

அக்கா, நீ பதியாவிட்டாலும் பாதிரியார் பதிந்திருப்பார். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை நகராட்சிக்கு அனுப்புவது அவர் வேலை. மணமாகாதவள் என்று சான்றிதழ் கேட்டுப் போனால், அதில் கணவர் என்று அத்தானின் பெயர்தான் அச்சாகி வரும். வராமல் போனாலும், பொய் சொல்லி வந்தது எந்த வருடம் தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குழந்தையை யாரென்று காட்டுவாய்? அம்மா விண்ணப்பித்தது மணமாகாத மகளுக்கு. நீ மோதிரம் மாற்றிய அன்றே அந்த விண்ணப்பம் முடிந்துபோனது. வழக்கறிஞரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். கோபப்படாதே. என் அறையில் உனக்காக வாங்கிய கட்டிலைப் பொருத்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த திருகாணியை இறுக்கி முடித்தாள். பிறகு, “நவம்பர்லயா? தெனமும் என்கிட்ட பேசினாளே” என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, “வெள்ள கவுன் போட்டாளா, இல்ல அந்த மஞ்ச ஃபிராக்கையே மாட்டிக்கிட்டு நின்னாளா? கேட்டுச் சொல்லு” என்றாள். விசாவைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. கட்டிலைப் பிரிக்கவும் இல்லை. முழுதாகப் பொருத்தி, விரிப்பும் போட்டுவிட்டாள்.

அம்மா குடியுரிமை வாங்கி, மணமான மகள் என்று புதிதாக விண்ணப்பிக்கலாம். அந்த வரிசை இருபது வருடத்துக்கும் மேல். அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது.

உன்மேல் வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய். எங்கள் விசா வந்தபோது உனக்கு இருபத்தொரு வயது தாண்டி நான்கு மாதம் ஆகியிருந்தது, அதனால் உன்னை மட்டும் கூட்டிவர விடவில்லை. விமான நிலையத்தில், “ரெண்டு வருஷம்தான்டி, அழாத” என்றாய். எனக்குப் பன்னிரண்டு வயது, நம்பினேன். இங்கே யாரோடும் பெரிதாக ஒட்டவில்லை. நீ வந்த பிறகு என்று பலவற்றைத் தள்ளிப்போட்டேன். உன்னையும் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு அப்படியே இருக்கச் சொன்னோம். முப்பத்து நான்கு வயதுவரை இருந்தாய். போதும், அக்கா.

நேர்காணலுக்கு அழைத்தால் போகாதே. கல்யாணம் ஆகிவிட்டது என்று எழுதி அனுப்பிவிடு. அம்மாவுக்கு ஒரு கல்யாணப் படம் அனுப்பு, அவளாகக் கேட்க மாட்டாள். ஜூலையில் அவளுக்கு விடுப்புக் கிடைத்திருக்கிறது. எனக்குக் கிடைக்கவில்லை. அத்தானை விமான நிலையத்துக்கு அனுப்பு, அவளுக்கு இப்போது படி இறங்கச் சிரமம்.

நல்லபடியாகப் பெற்றெடு. வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்குக் காது கேட்குமாம். நினைவு வரும்போது அதனிடம் என் பெயரைச் சொல்லிவை.

உன் தங்கை,
மாரிதெஸ்