நானாய் எழுந்துவிட்டது, மச்சான்

மச்சான்,

இன்று காலை சிங்கடோகா பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி வந்த கேரியர் லாரிக்காரர், வோட்டுவாலேவுவில் நம் வீட்டு வாசல்வரை வந்து, வாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்ததும் முதலில் ஈர மண்வாசனை வந்தது. பிறகு உள்ளே இருந்தவர் ஒருமுறை கிர்ரென்று கத்தினார். நானாய்! எட்டு ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் மலைச் சில்வண்டு. இதை எழுதும்போது என் மேசைவிளக்கின் தண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "அத வெளிய வுடுங்க" என்று உன் தங்கை முறைக்கிறாள். விடமாட்டேன். இது உன்னைத் தேடி வந்த விருந்தாளி.

உன் தங்கையைப் பெண் பார்க்க ட்ராசாவில் உன் வீட்டுக்கு நான் வந்த நாள் நினைவிருக்கிறதா? நான் தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தீவுநாட்டுக்கு வந்து, நாடி விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஓடுபாதை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. உன் வீட்டுப் பெரியவர்கள் ஊர், குலம், சம்பளம் எல்லாம் விசாரித்தார்கள். நீ கரும்புக்காட்டிலிருந்து அப்படியே வந்து, சட்டையில் சாம்பலோடு என் எதிரில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "உன் வௌக்குல இன்னா இன்னா பூச்சி வந்து வுழுது?"

கிண்டல் செய்கிறாய் என்று நினைத்தேன். இருந்தாலும் முந்தின நாள் விளக்கடியில் குவிந்து கிடந்த ஈசலைப் பற்றிச் சொன்னேன். நீ எழுந்து உள்ளே பார்த்து, "மாப்ள நல்ல மாப்ள, காப்பி கொண்டாங்க" என்று கத்தினாய். என் கல்யாணத்தை முடித்து வைத்தது ஈசல்தான் என்று இன்றைக்கும் உன் தங்கையைச் சீண்டுவேன்.

புழு கோத்து மீன் பிடிப்பவர்களை நீ மனிதர்களாகவே மதித்ததில்லை. சர்க்கரை மில்லில் வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது உன் அப்பாவிடம் விட்டுப்போன நீளத் தூண்டில் உன்னிடம் இருந்தது. சேவல் இறகையும் தையல்நூலையும் முள்ளில் வைத்துக் கட்டி, அன்றைக்கு எந்தப் பூச்சி பறக்கிறதோ அந்தப் பூச்சியாகவே ஆக்குவாய். அதைத் தண்ணீர்மேல் மெல்ல இறக்கினால், வாலில் மை வைத்ததுபோல் கறுப்புப் பொட்டுள்ள காட்டு மீன் பாறை நிழலிலிருந்து ஒரே பாய்ச்சலாக வரும். உன் வீட்டுச் சேவல்தான் பாவம். "அண்ணே, பாருங்க, சேவல் களுத்த மொட்ட அடிச்சிட்டாரு. கோளிங்க கூட அத்த மதிக்கல" என்று உன் மனைவி என்னிடம் புகார் சொல்வார். நீ காதிலேயே வாங்கமாட்டாய்.

எந்தப் பூச்சி எங்கே எழும்பும் என்று உன்னைக் கேட்டால் போதும், பொழுது போய்விடும். முதல் மழைக்கு ஈசல் என்றால் ட்ராசாவுக்குப் பின்னால் ஓடும் ஓடைதான், அதுவும் வெளிச்சம் மங்கும் கொஞ்ச நேரம். கரும்பு வெட்டும் மாதங்களில் வெட்டுக்கிளி. வெட்டின காட்டிலிருந்து காற்று ஆற்றுப்பக்கம் அடிக்கிற கரையில் நிற்க வேண்டும். குளிர்மாதங்களில், கூரை வேய்ந்தாற்போல் சிறகை மடித்து உட்காரும் அந்தச் சின்னப் பழுப்புப் பூச்சி. அதற்கு மலையடிவாரத்தில், வெள்ளை நுரை அடங்கிக் கண்ணாடித் தண்ணீர் தொடங்கும் இடம். விளக்கில் விழுந்த பூச்சிகளை நான் தீப்பெட்டியில் கொண்டுவருவேன். நீ மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சலோ மச்சான், கரும்பு எங்கியும் ஓடாது, பூச்சி ஓடிப்பூடும்" என்று கிளம்பிவிடுவாய்.

ஆனால் இவை எல்லாம் உனக்குச் சில்லறை. நானாய்தான் திருவிழா. அது எல்லா இடத்திலும் வராது. சிங்கடோகா ஆற்றின் மேல்பகுதியில், மலைக்குள், சில ஊர்களைச் சுற்றி மட்டும் எழும்பும். ஊரே பிடித்துச் சுட்டுத் தின்னும். கிளையிலிருந்து தவறி மடுவில் விழுபவற்றுக்காக மீன்கள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். அந்த மடு, மண்ணின் பூர்வகுடிகளான அந்த ஊராருக்குச் சொந்தம். நாம் இடித்துக் கரைத்துக் குடிக்கிற அந்த யங்கோனா வேரைக் கட்டாகக் கொண்டுபோய், ஊர்த்தலைவர் ஜோனே முன்னால் வைத்து, வாசலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் கேட்க வேண்டும். அவர் வேரைத் தொட்டு ஏற்றுக்கொண்டு, எல்லாரும் கைகளைக் குவித்துத் தட்டின பிறகுதான் தண்ணீரில் கால் வைக்கலாம். முதல்முறை போனபோது, சுற்றுலாக்காரர்கள் யாரையும் கேட்காமலே இறங்குகிறார்களே என்று நான் சொன்னேன். "அவன் வருவான், பூடுவான். நாம இங்க இருக்கறவன்" என்றாய்.

இருக்கறவன் என்று சொன்னவனையும் நாடு அசைத்துப் பார்த்தது. இரண்டாயிரத்தில், இந்திய வம்சத்து நம்மவர் ஒருவர் பிரதமராக இருந்த ஆட்சியை, பூர்வகுடிகள் பேரைச் சொல்லிச் சிலர் கவிழ்த்தார்கள். நம்மவர் வீடுகளுக்குள் ஆட்கள் புகுந்ததாகச் செய்தி வந்துகொண்டே இருந்தது. அதோடு உன் குத்தகையும் முடிந்தது. அப்பா காலத்திலிருந்து உழுத நிலம் கையை விட்டுப் போயிற்று. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நியூசிலாந்து போக அனுமதி கிடைத்ததும் நீயும் தலையாட்டினாய். அந்த மாதங்களில் நான் ஏற்றிய விளக்குகளின் நடுவே எத்தனை குடும்பங்கள் பறந்து போயின! பலர் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சாமானைத் தூக்கிப் போய்விடுவார்கள் என்ற பயம். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

நீ மட்டும், பயணத்துக்கு முந்தின வாரம், வேர்க்கட்டை வாங்கிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றாய். நானாய் எழும்பியிருந்தது. மலையேறப் போகிறேன் என்றாய். வீடே கூடித் தடுத்தது. உன் மனைவி பிள்ளைகளைக் காட்டி அழுதார். சாலையில் என்ன நடக்கும், அந்த ஊரில் இப்போது எந்தப் பக்கம் பேசுகிறார்கள், ஒன்றும் தெரியாது. நீ ஒரே பிடியாக நின்றாய். "கேட்டுட்டு எறங்கின தண்ணி. சொல்லாம போனா திருடன்தானே நானு?"

உன்னைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் கேரியரில் ஏறினேன். வழியெல்லாம் நீ பூச்சியைப் பற்றியே பேசினாய். எனக்கு ஒரு வார்த்தையும் ஏறவில்லை. ஊருக்குள் நுழைந்தபோது பையன்கள் சிலர் வழியில் எழுந்து நின்றார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஜோனேயின் வீட்டில் நீ எப்போதும்போலக் கடைசியில் உட்கார்ந்தாய். வேரை முன்னால் வைத்தாய். அவர்கள் மொழியில், நிதானமாக, ஒரு சொல்கூடத் தடுமாறாமல் பேசினாய். இத்தனை காலமும் தண்ணீர் கேட்க வந்தேன், இன்று விடைபெற வந்திருக்கிறேன் என்று சொன்னாய் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

ஜோனே வேரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதைத் தொடாமல் எழுந்துவிட்டால் நாம் இருவரும் எப்படிக் கீழே இறங்குவோம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் குனிந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண் நிறைந்திருந்தது. "போகிறவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்துப் பயந்து போனார்கள். நீ ஒருவன்தான் எங்களிடம் சொல்லிக்கொண்டு போகிறாய்" என்றார், எனக்கும் புரியும்படி மெதுவாக. எல்லாரும் கைகளைக் குவித்துத் தட்டினார்கள். வழியில் நின்ற பையன்கள்தான் மரத்தை உலுக்கி உனக்கு நானாய் பிடித்துக் கொடுத்தார்கள். நீ பிடித்த முதல் மீன் ஜோனே வீட்டு அடுப்புக்குப் போயிற்று.

திரும்பும்போது, அவ்வளவு நேரம் என்னதான் பேசினாய் என்று கேட்டேன். "நம்மள்ல போறேன்னு சொல்லுவமா? போயிட்டு வரேன்னுதான சொல்லுவோம்? அத்தத்தான் அவங்க பாசைல சொன்னேன்" என்றாய். எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. லாரியில் இடமில்லை.

சொன்னபடி வந்தாய். நானாய் எழும்பும் ஒவ்வொரு முறையும் ஆக்லாந்திலிருந்து வேர் வாங்கப் பணத்தோடும், ஜோனேயின் பேரன்களுக்குச் சட்டைகளோடும் வந்து இறங்கினாய். அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் நின்று நின்று முழங்கால் போனதைச் சொல்லமாட்டாய். அந்த ஊர் ஆறுகளைப் பற்றி மட்டும் சொல்வாய். "பூச்சி நெறைய மச்சான், மீனும் பெருசு. லைசென்ஸ் வாங்கினா எறங்கலாம். ஆனா உக்காந்து கேக்க ஒரு ஆள் இல்ல." அதை நீ சொல்லும்போது சிரிப்பாய், எனக்குச் சிரிப்பு வராது.

இந்த ஆண்டு உன் மகன் தொலைபேசியில் சொன்ன செய்தியைக் கேட்டு உன் தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆக்லாந்து போக எங்களால் முடியவில்லை. நான் ஒரு கட்டு வேர் வாங்கிக்கொண்டு மலைக்குப் போனேன். வேறெங்கே போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஜோனேக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. வேரைத் தடவிப் பார்த்தார். பிறகு பேரன்களைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர்கள் மடுவுக்குப் போய்க் கரையில் ஒரு கம்பை நட்டுத் தென்னங்கீற்றைக் கட்டினார்கள்.

அது என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் வீட்டு ஆள் இறந்தால் அவர்கள் தண்ணீரை மூடுவார்கள். துக்கம் முடியும்வரை யாரும் மீன் பிடிக்கக் கூடாது, ஊர்ப்பிள்ளைகள் உட்பட. அதை உனக்குச் செய்தார்கள், மச்சான். நான் அங்கேயே அழுதேன். அழுதுகொண்டே நெஞ்சை நிமிர்த்தி நின்றேன் என்றால் நீ நம்புவாய்.

நாளைக்குத் தடையை நீக்குகிறார்கள். லாரிக்காரர் கொண்டுவந்த சேதி அதுதான்: நானாய் வந்துவிட்டது, அவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு வா, அவன் குடும்பம்தான் முதலில் நூல் போட வேண்டும். கடைசியாக வந்தபோது நீ என் வீட்டுப் பரண்மேல் வைத்துவிட்டுப் போன தூண்டிலை இறக்கித் துடைத்துவிட்டேன். நீ இறகில் கட்டிய கறுப்பு நானாய் ஒன்று இன்னும் அதன் முள்ளில் இருக்கிறது. என் கை உனக்குத் தெரியும். முதல் வீச்சிலேயே மரத்தில் மாட்டும், ஊர்ப்பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வேரும் வாங்கி வைத்துவிட்டேன். வாசலோரம், நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, அதை முன்னால் வைப்பேன். யார் பேரில் வந்திருக்கிறாய் என்று அவர்கள் கேட்பார்கள். அது அவர்கள் முறை. குத்தகை முடிந்து நிலம் கைவிட்டாலும், இந்தத் தண்ணீர் கைவிடாத ஒருவன் பேரில், என் மச்சான் பேரில் என்று சொல்லப்போகிறேன்.