மொய் எழுதிய குற்றம்

அக்கா,

இன்று காலை குழாயைத் திறந்தேன். அதே சாக்கடை நாற்றம். குடத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு, வயிறெரிந்து உனக்கு எழுதுகிறேன்.

நீ போய் எட்டு மாதமாகிறது. திருவொற்றியூரில் நம் லைன் வீட்டில் பதினோரு குடும்பமும் இன்னும் இருக்கிறோம். குடிதண்ணீரில் சாக்கடை கலக்கிறதென்று வீட்டுக்காரரிடம் எத்தனை நடை நடந்தோம்! உன் பேரனுக்கு மஞ்சள் காமாலை வந்த அன்றுதான் நீ வாசலில் நின்று கத்தினாய்: "குழாய மாத்துற வரிக்கும் ஒருத்தரும் வாடக குடுக்கக் கூடாது. துட்ட நாம துன்ன வோணாம், பேங்க்ல போட்டு வெப்போம்." அப்படியே போட்டு வைத்தோம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார்.

அதற்கு நடுவில்தான் அவர் மகள் கல்யாணம். பதினோரு வீட்டுக்கும் பத்திரிகை வந்தது. "கோர்ட்டுக்கு இஸ்துகினு போற ஆளு வூட்டுக் கல்யாணத்துக்கு நாம இன்னாத்துக்குக்கா?" என்று கேட்டேன். நீ என் வாயை அடைத்தாய்: "சண்ட அவங்கப்பன் கூட. அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு? கூப்ட்டும் போவலன்னா நமக்குத்தான் அசிங்கம்." இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனோம். வரிசையில் நின்று மொய் எழுதினோம். நீ அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாய்.

அந்த மொய் நோட்டைத்தானே அக்கா, அடுத்த வாய்தாவுக்குக் கோர்ட்டில் கொண்டுவந்து வைத்தார்கள்! "மொய் எழுதப் பணம் இருக்கிறது, வாடகை தர மனமில்லை" என்று அவருடைய வக்கீல் நம் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். விருந்துக்குக் கூப்பிட்ட மனுஷன் செய்கிற வேலையா இது? தூ! "நான்தான உங்க எல்லாரையும் இட்டுகினு போனேன்" என்று மட்டும் திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாய். நீ சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பு மாரடைப்பு. செய்யாத தப்பைச் சுமந்துகொண்டே போய்விட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

வாய்தா மேல் வாய்தா தள்ளி, போன வாரம் உன் இடத்தில் நான் கூண்டில் ஏறினேன். "கேஸ் போட்டவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஏன் போனீங்க?" என்றார் அந்த வக்கீல். "கூப்ட்டாங்க, போனோம். அது மரியாத. தண்ணி நல்லா வரட்டும், வாடகையும் குடுக்குறோம். அது நாயம்" என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. வீடு நிலைக்குமா என்று தெரியாமல்தான் உலை வைக்கிறோம்.

வரும் மாதம் அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பாம். கூப்பிட்டால், கை நிறைய வளையல் வாங்கிக்கொண்டு போவேன், அக்கா.