கறைபடாத கேப்டன்

அண்ணா,

நீ தலையில தூக்கிவெச்சு ஆடுற அந்தக் கடற்கொள்ளைக்காரன் படத்த நேத்து திரும்பவும் பாத்துத் தொலைச்சேன். மாடிப்படி வாள்சண்டை பிரமாதம், ஒத்துக்கிறேன். மத்ததெல்லாம் சுத்தப் புளுகு. அத்தன பேர வெட்டிச் சாய்ச்சும் கேப்டனோட வெள்ளைச் சட்டையில ஒரு பொட்டுக் கறை இல்ல. சலவைக்கடையில மாரடிக்கிற என்கிட்டயா காது குத்துறானுங்க?

தன் அப்பன் சாகக் கிடக்கிறப்போ கேப்டன் சரியான நேரத்துக்குக் கயித்துல தொங்கிட்டு வந்து குதிக்கிறானே, அதுதான் மகா புளுகு.

ஆஸ்பத்திரியில நம்ம அப்பா அந்த இடத்த மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாரு. ஒவ்வொரு தடவையும் வாசலையே பாத்தாரு.

நீ வீட்டுல விட்டுட்டுப் போன கப்பல் யூனிஃபார்ம் சட்டையத்தான் கடைசியா அவருக்குப் போட்டு அனுப்பினோம். நான்தான் தேய்ச்சேன். அதுலயும் ஒரு கறை இல்ல.

உன் தங்கச்சி