அவர் மயங்கும்போது பாடுகிறார்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? புது டாக்டர் கொடுத்த மாத்திரை கேட்கிறதா?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் தம்பியின் போன் இப்போது அவருடைய செயலாளர் கையில். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தானாகவே வந்து தானாகவே செயலாளர் ஆகிவிட்டார். என் போனில் பேசலாமென்றால் சமையலறை வரைக்கும் ஆள். நான் ஹலோ என்றாலே நாலு பேர் பயபக்தியோடு நிமிர்ந்து பார்க்கிறார்கள். சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்களே, அந்த நிலைமைதான் எனக்கு.

நீங்கள் கடைசியாக வந்துபோனபோது உங்கள் தம்பி வெறும் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் சரி பண்ணிவிட்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வருவார். சாமி பாட்டு மட்டும் சின்ன வயதிலிருந்தே உண்டு, உங்களுக்குத் தெரியாததா? லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டே பாடுவார். அந்தக் குரல் குழி வழியாகவே மேல்மாடி வரை ஏறும். ஆபீஸ் ஆட்கள் ஒவ்வொரு மாடியிலும் வேலையை விட்டுவிட்டு லிஃப்ட் கதவருகே வந்து நிற்பார்களாம். பாட்டுக் கேட்க முதலில் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பிறகு அவர்கள் மனைவிமார், மாமியார்கள். இப்போது படிக்கட்டு முழுக்கச் செருப்பு. என் தையல் மிஷின் கூடத்திலிருந்து சமையலறைக்கு வந்து அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. நல்லதும் நடந்திருக்கிறது. கீழ்வீட்டுத் தச்சர் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிற சத்தம் எங்கள் தரை வழியாகக் கேட்கும். உங்கள் தம்பி அவருக்குப் புத்திமதி சொல்லவே இல்லை. பக்கத்தில் உட்கார வைத்துப் பாடினார், அவ்வளவுதான். மனுஷன் குடியை விட்டுவிட்டார். உதவி கேட்டு யார் வந்தாலும் இவர் சொல்வது ஒன்றுதான்: “பகவான்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. கேக்கறதுக்கே வாய் சரியாப் போச்சுன்னா பாடறதுக்கு வாய் ஏது?” கேட்டவர்கள் அழுகிறார்கள். எனக்கே சில நாள் கண் கலங்கும், இது நம்ம வீட்டு ஆள்தானா என்று.

ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். அவர் விரலில் மாட்டியிருக்கும் ஜால்ராவைக் கழற்றிக் கீழே வைக்கும்வரை யாரும் பாட்டை நிறுத்தக் கூடாது. இடையில் நிறுத்தினால், வந்துகொண்டிருக்கும் பகவான் பாதி வழியில் திரும்பிப் போய்விடுவானாம்.

போன வாரம் பாட்டுக்கு நடுவில் அவருக்குத் தாளம் தப்பியது. உங்கள் தம்பிக்குத் தாளம் தப்பி நான் பார்த்ததே கிடையாது. முகமெல்லாம் வியர்வை, நாக்கு குழறியது, கண் மேலே செருகியது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார், சர்க்கரை இறங்கிவிட்டது. நீரிழிவுக்காரரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதற்கு டாக்டர் சொல்ல வேண்டுமா?

ஆனால் ஜால்ரா விரலிலேயே இருந்ததே, அண்ணி. ஒருத்தர் நிறுத்தவில்லை. பகவான் வந்துவிட்டான் என்று இன்னும் சத்தமாகப் பாடினார்கள். நான் சமையலறையிலிருந்து சர்க்கரையை அள்ளிக்கொண்டு ஓடினால் செயலாளர் குறுக்கே கையை நீட்டி, “அம்மா, தொடாதீங்க. ஐயா பகவான்கிட்ட இருக்கார்” என்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் நிஜமாகவே பகவானிடம் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று கத்தினேன். அந்தப் பாட்டில் யார் காதில் விழும்? கையைத் தட்டிவிட்டு உள்ளே புகுந்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கன்னத்துக்குள் சர்க்கரையைத் தேய்த்தேன். மெல்லக் கண் திறந்தார். பெண்களெல்லாம் என் காலில் விழுந்தார்கள். தரையில் சிந்தின சர்க்கரையை விரலால் ஒற்றி ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்கள்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். இன்னொரு தடவை இப்படி விழுந்தால் எழுந்திருப்பார் என்று உத்தரவாதம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அம்மா போன பிறகு அவரை வளர்த்தது நீங்கள். நான் சொன்னால் சிரிக்கிறார், நீங்கள் சொன்னால் தட்டமாட்டார். ஊசி போட்டால் சாப்பிட்டுவிட்டுத்தான் பாட உட்கார வேண்டும் என்று நாலு வரி திட்டி எழுதுங்கள். அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி

*

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் பதில் வந்தது. உறையைப் பிரித்ததும் உங்கள் கையெழுத்துதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தம்பி என்று ஒரு இடத்தில்கூட இல்லையே! ‘சுவாமிக்கு என் நமஸ்காரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். செயலாளர் அனுப்பிய வீடியோவைப் பார்த்து அழுதேன் என்றும், முழங்காலுக்கு சுவாமி ஒரு பார்வை பார்த்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணி, படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கும்பலில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவருக்கு அக்கா நீங்கள் ஒருத்திதானே இருந்தீர்கள்?

ஆத்திரத்தைச் சமையலறையிலேயே தணித்துக்கொண்டு மறுபடி எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுத எனக்குப் போக்கிடம் இருக்கிறது?

மறுபடியும் விழுந்தார். இந்தத் தடவை நான் உஷாராக ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அவர்கள் மாடி ஏறி வருவதற்குள் நான் சர்க்கரை தேய்த்து அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வந்த இரண்டு பேரும் வாசலில் ஷூவைக் கழற்றினார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்துப் பரிசோதித்தார். “ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு நீங்களே சொல்லிட்டா எங்களால தூக்கிட்டுப் போக முடியாதுங்க ஐயா” என்று கெஞ்சிப் பார்த்தார். இவர் சிரித்தபடியே மாட்டேன் என்றார். அடுத்த வாரம் பார்த்தால் அந்த ஆம்புலன்ஸ்காரரே மனைவியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்! நான் யாரைக் கூப்பிடுவது, நீங்களே சொல்லுங்கள்.

இனிமேல்தான் உண்மையான விஷயம். இத்தனை வருஷமாக ஊசி என்றாலே அவருக்கு அலர்ஜி. குழந்தையைத் துரத்துவதுபோல நான் வீடு முழுக்கத் துரத்திப் போடுவேன். இப்போது தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார், அதுவும் பாட்டுக்குச் சற்று முன்னால். சாப்பாட்டுத் தட்டை மட்டும் தள்ளி வைத்துவிடுகிறார். மறதி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு நாள் சட்டை பட்டன் தைத்துக் கொடுக்கும் சாக்கில் அவரைத் தனியாகப் பிடித்து, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். மறைக்கவே இல்லை. ரொம்ப சாந்தமாகச் சொன்னார்: “அங்க அவன் இருந்தான்டி. இவ்வளவு நாள் நான் பாடினது யாருக்குன்னு அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன். கிட்டப் போறதுக்குள்ள நீ என்னை இழுத்துட்டு வந்துட்ட.” சொல்லிவிட்டு, என்மேல் கோபமில்லை என்பதுபோலத் தலையைத் தடவிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மருந்தை ஒளித்து வைத்துப் பார்த்தேன். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து வாடிப்போய்விட்டார். நானே எடுத்துக் கொடுத்தேன். போட்டாலும் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து. சாப்பிடுவது ஒன்றுதான் வழி, அதற்கு அவர் வாய் திறப்பதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பாடப்போகிறாராம். செயலாளர் கல்யாண மண்டபம் பிடித்திருக்கிறார், ஸ்பீக்கர், நாற்காலி எல்லாம் சொல்லியாகிவிட்டது. ‘ஐயா எல்லார் முன்னாலும் பகவானிடம் போய்வருவார்’ என்று ஊரெல்லாம் பேச்சு. போவார், அது எனக்கும் தெரியும். வருவாரா என்று கேட்க அந்த மண்டபத்தில் ஒரு நாதியில்லை. செயலாளர் கெட்டவர் அல்ல அண்ணி, அதுதான் இன்னும் பயம். கைகூப்பி, கண்ணில் நீரோடு என்னிடம் கேட்டுக்கொண்டார்: “அம்மா, அன்னிக்கு மட்டும் நீங்க கிட்ட வராதீங்க. ஒரு தடவையாவது ஐயாவை முழுசா போக விடுங்க.” இவர் சாய்ந்தால் விரலிலிருந்து ஜால்ராவைக் கழற்றிவிடுங்கள் என்று தச்சரிடம் போய் அழுதேன். என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்வார் என்று பார்த்தால், ஐயா சொல்லாமல் தன்னால் ஜால்ராவைத் தொட முடியாது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

நீங்களும் வெள்ளிக்கிழமைக்கு வந்து மண்டபத்தில் தரிசனம் செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் யாரிடமும் சொல்லாத இதை உங்களிடம் சொல்லத் துணிகிறேன்.

இரண்டாவது தடவை அவர் சாய்ந்தபோது ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டதோடு சரி, நான் உடனே அவரைத் தொடவில்லை. சர்க்கரை கையில் இருந்தது. அவர் பக்கத்திலேயே நின்றேன், யாரும் மறிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாள் முதல் அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை அண்ணி. சுற்றிலும் அந்தப் பாட்டு. நானும் பாடிக்கொண்டிருக்கிறேன் என்பது என் குரல் என் காதில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. கை இரண்டும் கூப்பியிருந்தன. சர்க்கரை விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சத்தியமாகத் தெரியாது. யாரோ ஒரு குழந்தை வீறிட்டு அழுததும்தான் சுயநினைவு வந்து கீழே விழுந்து அவர் வாயைத் திறந்தேன்.

இதுவரை அவர்களைப் பார்த்துப் பயந்தேன். இப்போது என்னைப் பார்த்தே பயப்படுகிறேன்.

அதனால் வெள்ளிக்கிழமைக்கு வராதீர்கள் அண்ணி. அதற்கு முன்னாலேயே கிளம்பி வாருங்கள். மண்டபத்துக்கு அல்ல, வீட்டுக்கு வாருங்கள். வந்ததும் கும்பிடாதீர்கள். காதைப் பிடித்துத் திருகி, ‘சாப்பிடுடா’ என்று ஒரு அதட்டல் போடுங்கள். இந்த ஊரில் அவரை ‘டா’ போட ஒரு ஆள் இல்லை. கோபம் வந்து நம் இரண்டு பேரையும் வீட்டை விட்டுத் துரத்தினாலும் பரவாயில்லை, துரத்துவதற்கு அவர் உயிரோடு இருந்தால் சரி.

உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். படியேற முடியாவிட்டால் கீழே நின்று ஒரு குரல் கொடுங்கள், நான் ஓடி வந்து உங்களை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன்.

உங்களை மட்டுமே நம்பியிருக்கும்,
உங்கள் தம்பியின் மனைவி