இரண்டு செக்கன் கூட்டிச் சொன்னது

2025 ஆகஸ்ட் 9, சனி

உன்னிச்சையில் விடுமுறை முகாம் தொடங்கிவிட்டது. இருபத்துமூன்று பிள்ளைகள், இரண்டு கழிப்பறை, ஒரு விசில். அந்த ஒன்றையும் யாரோ தொலைத்துவிட்டார்கள். பத்து மணிக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. குளக்கட்டில் வான்கதவடியிலிருந்து நானூறு மீற்றர் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டோம். போய்த் திரும்பினால் எண்ணூறு.

என் நம்பிக்கை எல்லாம் தனுஷியாவில்தான். இந்த ஊர்ப் பிள்ளை, பதினேழு வயது, நாலு மாதமாக என்னிடம் ஓடிப் பழகுகிறாள். மாகாணத் தெரிவுக்குப் போக எண்ணூறு மீற்றரை 2.22க்குள், அதாவது இரண்டு நிமிடம் இருபத்திரண்டு செக்கனுக்குள், ஓடியிருக்க வேண்டும், அந்த நேரத்தின் கீழே பயிற்றுநர் கையெழுத்து வைக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பதினெட்டாம் திகதி. அவளைவிட எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

தனுஷியா இன்று 2.21.4! எல்லைக்குள் வந்துவிட்டாள்.

"எத்தின டீச்சர்?" என்று மூச்சு வாங்க வாங்க வந்தாள்.

"2.23.4. கால் இழுபடுது புள்ள, இன்னும் தள்ளு," என்றேன்.

இரண்டு செக்கன் கூட்டிச் சொல்வது என் வழக்கம், பதின்மூன்று வருடமாக. எனக்கு ஓடப் பழக்கிய சாமித்தம்பி சேர், நான் டீச்சராகி அவருக்கு உதவிக்குப் போன முதல் முகாமில் காதோடு சொல்லித்தந்தது. "உள்ள நேரத்தச் சொன்னா அதோட படுத்திருவாளுகள். ரெண்டு கூட்டிச் சொல்லு. கடைசி நாள் உள்ளதச் சொல்லு, பறப்பாளுகள்." பறந்தும்தான் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தனுஷியா காலைப் பயிற்சிக்கு வரவில்லை. வயிற்றுவலியாக்கும்.

ஆகஸ்ட் 13, புதன்

வயிற்றுவலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீட்டுக்குப் போனேன். தாய் இரத்தினம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அவள் பாசிக்குடாவுக்கு, ஹோட்டல் வேலைக்குப் போயிற்றாள் டீச்சர். நாலு மாசமா ஓடியும் இருபத்திமூணுக்குக் கீழ வருகுதில்ல, எனக்கு ஏலாதம்மா எண்டு சோறும் தின்னாமக் கிடந்தவள். சரி மகள், போ எண்டன். சப்பாத்தக் கழுவி வச்சிரிக்காள், உங்களிட்டக் குடுக்கச் சொல்லி."

அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஏன்? வெட்கம், வேறென்ன. பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பின்னேரம் — மேலே எழுதியதைத் திரும்ப வாசிக்கும்போது நெஞ்சில் ஒன்று இடிக்கிறது. 2008இல், எனக்குப் பதினெட்டு வயதில், சேர் எனக்குச் சொன்ன நேரம் 2.23.1. அன்றைக்கும் எல்லை 2.22தான். ஏலாது என்று நானும் முகாம் முடிய முதலே நின்றுவிட்டேன். அடுத்த வருடம் கலியாணம். பதினேழு வருடமாக அந்த 2.23.1ஐ —

அப்ப எனக்கு? எனக்கும் கூட்டினாரா?

அடி விசரி! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கூட்டுகிறவர் உனக்கு மட்டும் உள்ளதைச் சொன்னார் என்று எந்த நம்பிக்கையில் இருந்தாய்?

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டு பஸ் மாறி வாழைச்சேனைக்குப் போனேன். சேர் முற்றத்தில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது. கதிரையில் இருக்க முதலே, எனக்கும் கூட்டினாரா என்று கேட்டுவிட்டேன்.

"ஓம் புள்ள. உனக்கும்தான்."

"அப்ப ஏன் சேர் சொல்லல்ல?"

"கடைசி நாள் சொல்லுவம் எண்டிருந்தன். நீ அதுக்கு முதல் நிண்டிட்டாய். வீட்டயும் வந்தன். கலியாணம் பேசியாச்சு எண்டார் உன்ட வாப்பா. அதுக்கு மறுகா சொல்லி என்ன மனே?"

கத்திவிட்டேன். "2.21 எண்டு தெரிஞ்சிருந்தா நான் வாப்பாட்டக் கேட்டிருப்பனே சேர்! ஓடிட்டுக் கலியாணம் முடிக்கன் எண்டு கேட்டிருப்பனே!"

அவர் செயினையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிழைதான்," என்றார்.

முழுதாகத் திட்டவும் வாய் வரவில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று எங்கள் ஊர் ஓட்டமாவடியே கேட்டபோது, நீளக் காற்சட்டையும் தலைமறைப்புமாக ஓடட்டும் என்று வாப்பாவிடம் மூன்று தரம் வந்து மன்றாடியவர் இந்த மனிதர்தான். அவர் இல்லாவிட்டால் நான் ஒரு அடிகூட ஓடியிருக்க மாட்டேன். கோபம் அடங்கவில்லை. அவர் ஊற்றித்தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பாசிக்குடா. ஹோட்டலின் பின்வாசலில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். தனுஷியா படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்தாள். சொன்னேன். சுற்றி வளைக்காமல், உள்ளதை உள்ளபடி.

"என்னட்ட மட்டுமா, எல்லாரிட்டயுமா?"

"எல்லாரிட்டயும்."

"நாலு மாசமும்?"

"ஓம்."

"உங்கட வாயில வந்ததெண்டுதானே டீச்சர் நான் நம்பி ஓட்டத்தயே விட்டன்."

விரிப்புகளோடு உள்ளே போய்விட்டாள். சப்பாத்துப் பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் அழுகை வந்தது, அழுதேன்.

ஆகஸ்ட் 16, சனி

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எல்லாருக்கும் சொன்னேன். ஏறாவூரிலிருந்து வந்த சின்னவள் நிஸ்றா, "அப்ப நான் இவ்வளவு நாளும் கெதியாத்தான் ஓடியிரிக்கேன்!" என்று துள்ளினாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. மத்தியானம் சோறு போடும்போது ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டியதுதான் எனக்கு.

தனுஷியா வரவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆறரை மணிக்குக் குளக்கட்டில் மோட்டார்சைக்கிள் சத்தம். தகப்பனின் பின்னால் தனுஷியா! அரைநாள் லீவாம். என்னிடம் ஒரு குட்மோர்னிங் இல்லை. குந்தியிருந்து சப்பாத்தைக் கட்டினாள்.

"நேரம் புடிக்கிற மணிக்கூட்ட நிஸ்றாட்டக் குடுங்க. நீங்க புடிக்கவேணாம்."

கொடுத்தேன்.

அவள் கோட்டைத் தாண்டியதும் நிஸ்றா ஊருக்கே கேட்க வாசித்தாள்: "2.21.8!" எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். விண்ணப்பத்தில் அதையே எழுதிக் கையெழுத்து வைத்தேன். தனுஷியா தாளை வாங்கி, இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். நாளை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

போய்விடுவாள் என்று நினைத்தேன். நிஸ்றாவிடமிருந்து மணிக்கூட்டை வாங்கினாள்.

"இப்ப நீங்க ஓடுங்க டீச்சர்."

"உனக்கென்ன விசரா? முப்பத்தஞ்சு வயசு எனக்கு!"

"ஓடுங்க."

ஓடினேன். அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் கூக்காட்டக் கூக்காட்ட. திரும்பி வரும்போது நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. கோட்டிலேயே குந்திவிட்டேன்.

"எத்தின?"

"நாலு நிமிசம் பன்னிரண்டு செக்கன்."

"கூட்டிச் சொல்றியா?"

"இல்ல டீச்சர்." சிரித்துவிட்டாள். "உள்ளதுதான்."

4.12. கூட்டாமல் எழுதிவைக்கிறேன்.