கை குவியாத கும்பிடு

தை மாதம், கிருத்திகை. இரவு.

மருதமலைச் சாலையை இன்று காலையில் ஓரிடத்திலும் கால் ஊன்றாமல் சைக்கிளில் ஏறி முடித்தேன். அறுபத்தெட்டு வயதில் இப்பேற்றை அருளினான் முருகன்.

மூன்றாம் வளைவில் சிறிய பிள்ளையார் கோயில் ஒன்று உண்டு. அவரைக் கண்டதும் என் இரு கைகளும் தாமாகவே குவிந்துவிடும். அவ்வாறே இருமுறை சைக்கிளோடு சாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். மீண்டும் விழுந்தால் சைக்கிளையே விட்டுவிடுவதாக மகளுக்கு வாக்களித்திருந்தேன்.

இன்று அவ்வளைவை நெருங்கியதும், பின்னால் மிதித்து வந்த நண்பர் ரங்கசாமி, "ஏனுங்க, இன்னைக்கும் பிள்ளையாருக்குச் சாஷ்டாங்கமாங்க?" என்று கேலி செய்தார்.

"பேசாம மிதிச்சு வாங்க" என்றேன். ஹேண்டில்பாரை இறுகப் பற்றிக்கொண்டு, மனத்தால் மட்டுமே தொழுதேன். சக்கரம் சிறிதும் பிறழவில்லை.

உச்சியில் ரங்கசாமி மூச்சிரைக்க, "செயிச்சுப்போட்டீங்க!" என்று முதுகில் தட்டினார். அங்கிருந்தே மகளை அழைத்துச் சொன்னேன். "செரிங்கப்பா, சைக்கிள் உங்களுக்கே இருக்கட்டுங்க" என்று சிரித்தாள்.

ஆயினும் பிள்ளையாரைக் கைகுவிக்காமல் கடந்தது நெஞ்சை உறுத்துகிறது. சன்னல் வழியே மலையின் விளக்குகள் தெரிகின்றன. நிலுவையில் நிற்கும் கும்பிடுக்கு இரு கைகளும் வேண்டும். பேனாவைக் கீழே வைக்கிறேன்.