அக்கா கொடுத்த பெட்ரோல்

நவம்பர் 3, 2064. காலை 6.50

கடல்மேடை ஒன்பது. எழுதுவது செண்பகவடிவு, கடலடி நுண்ணுயிர் ஆய்வாளர். மேடையில் நான் ஒருத்திதான். வானம் மூட்டம். சூரியத் தகடுகள் பேருக்கு வேலை செய்கின்றன. ஜெனரேட்டர் இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது.

இதைப் படிப்பது எனக்கு அடுத்து வரும் ஆளாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே உயிர்நாடி அந்தச் சின்ன ஜெனரேட்டர்தான். வெயில் இல்லாத நாளில் வயர்லெஸ்ஸில் பேச வேண்டுமானாலும், குளிர்பெட்டி ஓட வேண்டுமானாலும், மேடை உச்சியில் சிவப்பு விளக்கு எரிய வேண்டுமானாலும் அதன் தயவு வேண்டும். கரையில் பங்க் பெட்ரோல் எல்லாவற்றிலும் இப்போது பாதி எத்தனால். அதற்கென்றே செய்த கார்களுக்கு அது ஒத்துக்கொள்ளும். கடல்காற்றில் நிற்கும் சின்ன இஞ்சினுக்கு ஒத்துக்கொள்ளாது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீரோடு பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்காரும். கார்பரேட்டருக்கு முதலில் போவது அடியில் இருப்பதுதான். அப்புறம் தோள்பட்டை கழன்றுபோகும்வரை கயிறு இழுத்துக்கொண்டிருக்கலாம். அதனால்தான் மேடைகளுக்கு மட்டும் எத்தனால் கலக்காத பெட்ரோல் சீல் வைத்த ட்ரம்மில் வருகிறது.

அதில் ஒரு சொட்டையும் நான் வீணாக்குவதில்லை. நமக்குக் கீழே கடலடியில் எண்ணெய் கசியும் வெடிப்பு ஒன்று இருக்கிறது. அந்தச் சேற்றில் வாழும் உயிர்கள்தான் என் ஆராய்ச்சி. இன்று சேறு அள்ளும் குழாயைப் பெட்ரோலில் கழுவினேன். கழுவிய பெட்ரோலைத் துணியில் வடிகட்டி ட்ரம்மிலேயே ஊற்றிவிட்டேன். எந்த மெக்கானிக் ஷெட்டிலும் நடக்கிற வழக்கம்தான்.

நவம்பர் 6. காலை 7.30

ஜெனரேட்டர் மக்கர் செய்கிறது. இழுத்து இழுத்து உள்ளங்கை சிவந்துவிட்டது. ஒரு வழியாக ஸ்டார்ட் ஆகி, புகைந்து, அரைமனதாக ஓடுகிறது.

கார்பரேட்டரைக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாக வழவழவென்று ஏதோ படிந்திருக்கிறது. உடனே ஜாடிச் சோதனை செய்தேன். அளவு ஜாடியில் கொஞ்சம் தண்ணீர், அதன்மேல் பெட்ரோல் ஊற்றி, குலுக்கி வைக்க வேண்டும். பெட்ரோல் சுத்தமாக இருந்தால் தண்ணீர் மட்டம் அப்படியே நிற்கும். எத்தனால் இருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும், மட்டம் ஏறும்.

ஏறியது.

ட்ரம் வந்த அன்று இதே சோதனையில் சுத்தமாக இருந்தது என்று எனக்கு நினைவு. நினைவுதான், பதிவு இல்லை. ஒருவேளை அன்று சோதனையே செய்யாமல் கஸ்பாரின் பேச்சை நம்பி வாங்கி வைத்தேனோ? கஸ்பார்தான் ட்ரம் கொண்டுவரும் வள்ளக்காரன். வாய் நிறையச் சிரிப்பான். வாய் நிறையச் சிரிப்பவர்களை நான் எப்போதும் ஒரு கண் பார்த்துக்கொள்வேன்.

நவம்பர் 7. காலை 9.00

கரை அலுவலகத்தை அழைத்தேன். பொறுப்பாளர் திரவியம் பேசினார். பெட்ரோலில் கலப்படம் இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன்.

"மேடம், டிப்போல நானே நின்னு சீல் பாத்துத்தான் ஏத்தி விட்டேன். கஸ்பார் அப்பிடிப்பட்ட ஆள் இல்ல மேடம். அவன் மேல சந்தேகப்படாதீங்க."

கஸ்பார் பெயரை நான் எடுக்கவே இல்லை. அவராக ஏன் எடுக்கிறார்? இருவரும் கூட்டா? மேலும் சொன்னார்: "தெற்க ஒரு புயல் சின்னம் உருவாகுது. நாளைக்கே புது ட்ரம் அனுப்புறேன்." கேட்காமலே புது ட்ரம். இதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நவம்பர் 8. பிற்பகல் 2.20

கஸ்பார் வந்துபோனான். வள்ளத்தைக் கட்டும்போதே குரல் கொடுத்தான்.

"என்னக்கா, மொகமே சரியில்ல? சாப்பிட்டீயளா? எங்க வீட்ல மாசிச் சம்பல் செஞ்சி குடுத்து வுட்டிருக்கா."

சம்பலை வாங்கி ஓரமாக வைத்தேன். புது ட்ரம்மின் சீலை அவன் கண்முன் உடைத்து ஜாடிச் சோதனை செய்தேன். தண்ணீர் மட்டம் அசையவில்லை. சுத்தமான பெட்ரோல். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்ததும் ஒழுங்கான சரக்கு வருகிறது, பாருங்கள்.

நேரடியாகக் கேட்டால் எவன் ஒப்புக்கொள்வான்? அதனால் ஒரு பொறி வைத்தேன். பழைய ட்ரம்மில் முக்கால்வாசி மீதி இருந்தது. கைப்பம்பு போட்டு அத்தனையும் அவன் கேன்களில் இறைத்துக் கொடுத்து, "எனக்கு இது மிச்சம். எத்தனால் இல்லாத பெட்ரோல். நீயே வைத்துக்கொள்" என்றேன். கலந்தவன் அவனாக இருந்தால் அதைத் தன் இஞ்சினில் ஊற்றத் துணியமாட்டான். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பான். அந்த நேரத்தில் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கணக்கு.

அவன் முகம் மலர்ந்துபோனது. "யக்கா, நெசமாவா? எங்க ஊர்ல அம்புட்டு இஞ்சினும் பங்க் பெட்ரோல ஊத்தி அரிச்சிப்போயிக் கெடக்கு. புயல் நேரத்துல ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவணும்லா? ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வச்சிக் குடுத்துருதேன். நீங்க நல்லா இருக்கணும்க்கா."

என்ன நடிப்பு! கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அவன் போன பிறகு அதே கைப்பம்பில் புதுப் பெட்ரோலை ஜெனரேட்டருக்கு இறைத்தேன். முதல் இழுப்பில் ஸ்டார்ட்.

நவம்பர் 11. காலை 8.10

புது ட்ரம்மிலும் எத்தனால்.

மூன்று நாளுக்கு முன் என் கையால் சோதித்த ட்ரம். அதற்குப் பிறகு மேடைக்கு யாரும் வரவில்லை. வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பகல் 12.00

மேடையின் எல்லா அறைகளையும் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சோதித்தேன். தண்ணீர்த் தொட்டிக்குள்கூட எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இருந்தும் பெட்ரோல் அறையின் கதவைப் பூட்டி, குறுக்கே நூல் கட்டி, தரையில் கோதுமை மாவு தூவியிருக்கிறேன். ட்ரம்மிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து மூடி என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். படிக்கிறவர்கள் சிரிக்கலாம். இங்கே தனியாக இருந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

நவம்பர் 12. காலை 6.00

நூல் அறுபடவில்லை. மாவில் ஒரு தடமும் இல்லை. ட்ரம்மில் எத்தனால் கூடியிருக்கிறது.

பாட்டிலிலும் கூடியிருக்கிறது. யாருமே தொடாத, என் தலைமாட்டில் இருந்த பாட்டில்.

காலை 7.40

ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு வருடமாக நான் படம் வரைந்து பெயர் சூட்டிய உயிர்கள்தான். எண்ணெய்க் கசிவில் வாழ்பவை. கீழே அந்தக் குளிரில் சோம்பிக் கிடந்தவை. இங்கே ட்ரம்மின் கதகதப்பில் பெட்ரோலைத் தின்று எத்தனாலாகக் கழிக்கின்றன.

யாரும் கலக்கவில்லை. சேறு கழுவிய பெட்ரோலை வடிகட்டித் திரும்ப ஊற்றியவள் நான். துணி மண்ணைத்தான் நிறுத்தும். இவற்றை எங்கே நிறுத்தப்போகிறது? பிறகு அதே கைப்பம்பால் புது ட்ரம்மையும் கெடுத்தேன். கஸ்பாரின் சிரிப்பையும் திரவியத்தின் குரலையும் ஆராய்ந்த நேரத்தில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் இருக்கட்டும். முக்கால் ட்ரம்மை அவன் கேன்களில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். புயல் நேரத்துக்கென்று.

காலை 8.30

ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. வானம் கறுத்துவிட்டது, தகடுகளில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் மிஞ்சியிருப்பது வயர்லெஸ்ஸைக் கேட்க மட்டும் போதும். பேசப் போதாது. பேச முயன்றால் பெட்டியே அணைந்துவிடுகிறது.

பிற்பகல் 3.15

கேட்டது:

"மேடை ஒன்பது, திரவியம் பேசுறேன். காலையிலேருந்து உங்க சத்தமே இல்ல. புயல் நாளைக்கு மத்தியானம் உங்க மேடைய ஒட்டிக் கடக்குது. பெரிய படகு எதுவும் பக்கத்துல இல்ல. என்ன ஏற்பாடு பண்ண முடியும்னு பாக்குறேன், மேடம்."

எந்த ஏற்பாடும் வேண்டாம் என்று கத்தினேன். இரும்புச் சுவருக்குத்தான் கேட்டது. மேடை புயலைத் தாங்கும். அதற்காகவே கட்டியது. அவருக்கும் அது தெரியும். ஆனால் சத்தம் கேட்கவில்லை என்றால் ஆள் விழுந்து கிடக்கிறாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

நவம்பர் 13. காலை 6.30

கேட்டது:

"யக்கா, கஸ்பார் பேசுதேன். நீங்க பேச முடியாட்டாலும் கேப்பீயன்னு தெரியும். நாங்க ஆறு வள்ளம் கெளம்பியாச்சி. காத்து ஏறுததுக்குள்ள உங்களக் கூட்டிட்டு வந்துருவோம். எல்லா வள்ளத்துலயும் நீங்க குடுத்த பெட்ரோல்தான்க்கா. இதுக்குன்னே தொடாம வச்சிருந்தோம். அம்புட்டும் ஒரே இழுப்புல ஸ்டார்ட்டு. பயப்படாதீய."

ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். கரையில் அசையாமல் இருந்த கேன்களில் எத்தனால் இன்னும் பிரிந்திருக்காது. அலையில் குலுங்கி, சாரல் தண்ணீரும் சேர்ந்தால் பிரிந்துவிடும். பாதி வழியில், ஆழக் கடலில்.

ஆறு வள்ளம். ஒரு வள்ளத்துக்கு மூன்று பேர் இருப்பார்கள்.

காலை 8.00

ட்ரம்மை அசைக்காமல் மேல்மட்டத்துப் பெட்ரோலை மட்டும் ரப்பர் குழாயில் உறிஞ்சி எடுத்தேன். மேலே நிற்பதில் எத்தனால் குறைவு. கார்பரேட்டரின் துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். டேங்கைக் கழற்றித் துடைத்தேன். கை தோல் உரிந்துவிட்டது, துணி சுற்றி இழுக்கிறேன். கடவுளே, ஒரே ஒரு நிமிடம் ஓடட்டும். கரைக்குத் திரும்புங்கள் என்று சொல்ல அது போதும்.

காலை 9.10

ஓடியது!

வயர்லெஸ்ஸுக்கு ஓடினேன். பேசும் பகுதி உயிர் பெறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதன் பச்சைப் புள்ளி வரும்முன் ஜெனரேட்டர் விக்கி நின்றுவிட்டது. ஒரு வார்த்தைகூடப் போகவில்லை.

ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. அதை நான் மறந்துவிட்டேன்.

கேட்டது:

"லேய், அங்கன பாருங்கல! மேடைல வெளக்கு எரிஞ்சி அணையுது. அக்கா நம்மள கூப்புடுதாவல. முடுக்கி வுடுங்கல!"

காலை 9.40

காற்று ஏறிவிட்டது. அலை மேடையின் கீழ்த்தளத்தில் மோதுகிறது. தொலைநோக்கியில் வள்ளங்கள் தெரிகின்றன. ஆறு. சிவப்புச் சேலையை விரித்து, போங்கள், திரும்பிப் போங்கள் என்று வீசிக் காட்டினேன். அவர்களும் கை வீசினார்கள்.

காலை 9.55

மறுபடி இழுக்கிறேன். இழுப்பு. ஒன்றுமில்லை. இழுப்பு. துணி முழுக்க ரத்தம், பேனா வழுக்குகிறது

வரிசையில் கடைசியில் வந்த வள்ளம் அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. எழுந்து நின்று கயிறு இழுக்கிறான் ஒருவன். அதற்கு முன்னால் போன வள்ளமும் நின்றுவிட்டது

அவர்கள் மேல் சந்தேகப்பட்டேன் அவர்கள் என் மேல் ஒரு சொட்டுகூட

மூன்றாவதும்

கேட்டது:

"யக்கா, பதறாதீய, பக்கத்துல வந்துட்டோம். இஞ்சின் லேசா இருமுது, அம்புட்டுத்தான். இன்னும் ஒரு கேன் இருக்கு. அதுவும் நீங்க குடுத்ததுதான். இந்தா, ஊத்துதேன்."